பைத்தான்ல டூ-டி அரே இல்லன்னா மழைக் கணக்க எங்க வைக்கது?

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான்: நம்ம குமரி மாவட்டத்துல மழைமானி இருக்க இடங்கள் ஒரு பக்கம், தேதி இன்னொரு பக்கம், நடுவுல மில்லிமீட்டர் கணக்கு, இத ஸ்கிரிப்ட்ல ஏத்தி மாசக் கணக்கு எடுக்கணும், பின்னால அணை நீர்மட்டமும் சேக்கணும். சி மொழியில மாதிரி வரிசை இத்தனை, நெடுவரிசை இத்தனைன்னு அரே அறிவிக்கலாம்னு பாத்தா பைத்தான்ல அப்படி ஒண்ணையே காணோம், லிஸ்டுக்குள்ள லிஸ்ட் போட்டா ஒரு இடத்துல மாத்துனா எல்லா வரிசையும் சேந்து மாறுது. கூட, யாரோ எழுதி வச்ச பாஷ் (டெர்மினல் கட்டளை மொழி), ஆக் (ஃபைல வரி வரியா படிச்சுக் கணக்குப் போடுற மொழி) ஸ்கிரிப்ட் வேற கெடக்கு, அத வச்சுக்கிடணுமா தூக்கிப் போடணுமா.

மக்கா, பெரும்பாலான ஸ்கிரிப்ட் மொழியில நெசமான ரெண்டு பரிமாண அரேன்னு மொழிக்குள்ளயே ஒண்ணு கிடையாது. பவர்ஷெல்ல உண்டு, அது மைக்ரோசாஃப்ட்டோட டாட்நெட் மேல உக்காந்திருக்கதுனால. மத்தபடி பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பெர்ல், ரூபி, லுவா எதுலயும் சுத்திச் சுத்தி மூணே வழிதான்: வரிசைகள லிஸ்டா அடுக்கி அந்த லிஸ்டுகளயெல்லாம் ஒரு பெரிய லிஸ்ட்ல போடுறது, எல்லாத்தையும் ஒரே நீளமான லிஸ்ட்ல போட்டு கணக்குப் போட்டு இடத்தக் கண்டுபிடிக்கது, இல்லன்னா இடம்-தேதி ஜோடியவே கீயா (தேடுற பேரா) வச்சு, கீயக் குடுத்தா மதிப்பத் தர்ற டிக்ஷனரியில போடுறது. எது நல்லதுன்னு பொதுவா சொல்ல முடியாது. இந்த டேபிள்கிட்ட நீ என்ன கேள்வி கேக்கப்போற, காலிக் கட்டம் எவ்வளவு இருக்கும், இந்த ரெண்டையும் பாத்துதான் முடிவு பண்ணணும். உன் வேலைக்கு மூணாவதுதான்னு இப்பவே சொல்லிடுறேன். ஏன்னு பைய வருவோம், முதல்ல உன்ன அலைக்கழிச்ச அந்தப் பிரச்சினையப் பாப்போம்.

மழை = [[0] * 4] * 3
மழை[0][2] = 5

இத ஓட்டிட்டு மழைய பிரிண்ட் பண்ணுனா இப்படி வரும்:

[[0, 0, 5, 0], [0, 0, 5, 0], [0, 0, 5, 0]]

(பைத்தான் 3 தமிழ்ப் பேர வேரியபிளா ஏத்துக்கிடும், மேல உள்ளத அப்படியே ஒட்டி ஓட்டிப் பாக்கலாம். ஆனா வேலை பாக்க இடத்துல இப்படி எழுதி வைக்காத, கூட இருக்கவன் கீபோர்டு மாத்தி மாத்தியே சடைஞ்சு போவான்.)

என்ன நடக்குன்னா, லிஸ்ட் தனக்குள்ள பொருள வச்சிருக்கல, பொருள் எங்க இருக்குன்னு காட்டுத ரெஃபரன்ஸத்தான் வச்சிருக்கு, அதனால வெளிய உள்ள * 3 வரிசையக் காப்பி எடுக்காது, ரெஃபரன்ஸத்தான் மூணு தடவ போடும். மூணு வரிசை மாதிரித் தெரியுதது ஒரே ஆளுக்கு வச்ச மூணு பட்டப்பேருதான், எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் அதே ஆளு திரும்பிப் பாப்பான். அப்போ உள்ள இருக்க [0] * 4 மட்டும் ஏன் கொழப்பல? அங்கயும் நாலு ரெஃபரன்ஸும் ஒரே பூஜ்யத்தத்தான் காட்டுது, ஆனா எண்ண உள்ள புகுந்து மாத்த முடியாது, நீ 5 போடும்போது அந்தக் கட்டத்துல உள்ள ரெஃபரன்ஸ எடுத்துட்டு வேற ஒண்ணு வைக்க, பக்கத்துக் கட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. மாத்தக்கூடிய பொருள பெருக்கல் போட்டு நிரப்பாத, அவ்வளவுதான் விஷயம். சரியா வேணும்னா வரிசைய ஒவ்வொரு தடவையும் புதுசா உண்டாக்கணும்:

மழை = [[0] * 4, [0] * 4, [0] * 4]

பெரிய டேபிளுக்கு இப்படி கையால எழுத முடியாதுல்லா, அங்க சதுர பிராக்கெட்டுக்குள்ள ஃபார் போட்டு எழுதுற லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் வச்சா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு புது [0] * 4 பிறக்கும். இது பைத்தானுக்கு மட்டும் உள்ள சீக்கு இல்ல. ஜாவாஸ்கிரிப்ட்ல ஃபில் மெத்தடுக்குள்ள ஒரு அரேயக் குடுத்தாலும், ரூபியில அரே நியூவுக்கு ரெண்டாவதா ஒரு அரேயக் குடுத்தாலும் இதே கூத்துதான், ரூபியில பிளாக்கா குடுத்தா தப்பிச்சுக்கிடலாம். பிஎச்பியில மட்டும் இந்தத் தொல்லை வராது, அங்க அரேய அசைன் பண்ணுனாலே மதிப்பாத்தான் போகும், எழுதும்போது தனிக் காப்பி ஆகிடும்.

காப்பி எடுக்கப் போனாலும் இதேதான். நகல் = மழை[:] ன்னு போட்டா வெளி லிஸ்ட் மட்டும் புதுசு, உள்ள உள்ள வரிசையெல்லாம் பழசுதான், நகல்ல கை வச்சா அசலும் மாறும். முழுசா வேணும்னா காப்பி மாட்யூல்ல உள்ள டீப்காப்பி.

லிஸ்டுக்குள்ள லிஸ்ட் வழி எப்ப நல்லதுன்னா, எல்லா வரிசையும் ஒரே நீளம், காலியே கிடையாது, நீயும் வரிசை வரிசையாத்தான் எடுக்கப்போற, அப்போ இதவிட லேசானது கிடையாது. வரிசைய எடுக்க மழை[2] போதும். நெடுவரிசைக்கு ஒவ்வொரு வரிசையாப் போய் ஒண்ணொண்ணு பொறுக்கணும், இல்லன்னா ஜிப் ஃபங்ஷனுக்கு நட்சத்திரம் போட்டு மொத்த டேபிளயும் குடுத்தா வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறி வரும். ஆனா ஜிப்புல ஒரு சூது இருக்கு, இருக்கதுலயே குட்டையான வரிசையோட நின்னுக்கிடும், மிச்சத்த சத்தமில்லாம விட்டுடும். ஜூனுக்கு 30 நாள், ஜூலைக்கு 31 நாள்னு மாசத்த வரிசையா வச்சுத் திருப்புனா ஜூலை 31-ல பெய்த மழை கணக்குல இருந்தே காணாமப் போகும், எரர் ஒண்ணும் வராது. பைத்தான் 3.10-ல இருந்து ஜிப்புக்கு ஸ்ட்ரிக்ட்னு ஒரு ஆப்ஷன் உண்டு, அதப் போட்டா நீளம் பொருந்தலன்னா கத்தும். எப்பவும் போட்டே வை.

இன்னொண்ணு, உன் கணக்குல கண்டிப்பா வரும். நேத்தைக்கும் இன்னைக்கும் வித்தியாசம் பாக்க நாள் - 1 போடுவ. மாசத்தோட முதல் நாளுக்கு இண்டெக்ஸ் 0, அதுல ஒண்ணக் கழிச்சா -1, பைத்தான்ல -1 ன்னா கடைசி உருப்படி. அதனால 1-ஆம் தேதி மழைய அதே மாசம் 30-ஆம் தேதி மழையோட கழிச்சு ஒரு எண்ணத் தரும், அதுவும் பாக்க நம்புற மாதிரியே இருக்கும். சி-லயும் எல்லை பாக்காது, ஆனா சி படிச்சவனுக்கு அந்தப் பயமாவது இருக்கும், இங்க மொழியே இது சட்டப்படி சரிதான்னு குடுத்துடும்.

இதையெல்லாம் தாண்டி உன் விஷயத்துல பெரிய பிரச்சினை வேற. வரிசை 7 யாரு? கன்னிமாரா, சுருளோடா, பூதப்பாண்டியா? அதுக்குத் தனியா ஒரு பேர் லிஸ்ட் வச்சு ரெண்டயும் கூடவே இழுத்துக்கிட்டுத் திரியணும், நடுவுல அடையாமடைய ஒருத்தன் சொருகிட்டான்னா அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் ஒரு இடம் நழுவும். அணை மட்டத்துல இந்த நழுவலக் கண்டுபிடிக்க ஒரு வழியாவது இருக்கு, பேச்சிப்பாறைக்கு முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றார் ரெண்டுக்கும் 18 அடி, அதனால பேச்சிப்பாறை வரிசையில 72 அடின்னு வந்தா பெருஞ்சாணி கணக்கு ஏறி உக்காந்திருக்குன்னு தெரிஞ்சுபோகும். இந்த உச்ச அளவ ஒரு சின்ன டிக்ஷனரியில போட்டு ஏத்தும்போதே சரிபாத்துக்கோ. மழைக்கு அப்படி உச்சவரம்பு ஒண்ணும் கிடையாது, பாலமோர் மழை மயிலாடி கணக்குல ஏறிட்டா யாருக்கும் சந்தேகமே வராது.

அதனாலதான் ஜோடிக் கீ.

மழை = {}
மழை["பாலமோர்", 3] = 12.4
மழை["கொட்டாரம்", 3] = 0

உள்ள கமா போட்டு எழுதுனா பைத்தான் அத டியூபிளா எடுத்துக்கிடும், தனியா அடைப்புக்குறி வேண்டாம். டியூபிள மாத்த முடியாது, அதனால கீயா வைக்கலாம். லிஸ்ட வைக்க முடியாது, வச்சா அப்பவே எரர். எந்த இடம் எத்தனாவது வரிசைங்கற கேள்வியே கிடையாது, இடையில புது மழைமானி வந்தாலும் ஒண்ணும் நழுவாது, வந்த தகவல மட்டும் போட்டா போதும். பேப்பர்ல வர்ற பட்டியல்ல இருந்து எடுக்கன்னு சொல்லியிருக்க, அதுல மழை பெய்த இடம் மட்டுந்தான் இருக்குன்னா மிச்சக் கட்டமெல்லாம் காலிதான். நமக்கு தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, அதனால ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கட்டம் ஓரளவு நிறையும், ஜனவரி பிப்ரவரிய எடுத்துப் பாரு, டேபிள்ல பாதிக்கு மேல ஒண்ணுமே இருக்காது, அதுக்கெல்லாம் இடம் ஒதுக்கி பூஜ்யம் போட்டு வைக்கது என்னத்துக்கு.

பூஜ்யம்னு சொன்னதும் இத நல்லா கவனிச்சுக்கோ. மழை பெய்யலங்கறது ஒரு தகவல், தகவலே வரலங்கறது வேற. முதல் வகைக்கு 0 போடு, ரெண்டாவது வகைக்கு கீயே வேண்டாம், கெட் மெத்தட்ல கேட்டா நன்-னு (None, ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்) வரும், அந்த நாள சராசரியில சேக்காத. இதுக்கு நிறைய பேரு -1 போடுவான், இல்லாத இடத்துக்கு ஒரு அடையாளமா. மழைக்கு அது ஓடிடும், மைனஸ்ல மழை பெய்யாதுல்லா. ஆனா அதே ஸ்கிரிப்ட்ல அணை மட்டத்த ஏத்துனா செத்த. நாகர்கோவிலுக்கு குடிதண்ணி குடுக்க முக்கடல் அணையில கோடையில மட்டம் மைனஸ்லதான் பேப்பர்ல வரும், அங்க -1 ங்கறது நெசமான அளவு. டேபிளுக்குள்ள வரக்கூடிய எண்ண எடுத்து "ஒண்ணும் இல்ல"ங்கறதுக்கு அடையாளம் வச்சா என்னைக்காவது ஒருநாள் அது திரும்பிக் கடிக்கும்.

ஜோடிக் கீயில கஷ்டம் எங்கன்னா, கீ எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். தமிழ்ல பேர் வச்சா இன்னும் கவனம் வேணும், ஏன்னா கொட்டாரத்துல உள்ள "கொ"வ யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ஒகரக் குறிய ஒரே குறியீடா போடலாம், இல்லன்னா முன்னால வர்ற எகரக் கொம்பயும் பின்னால வர்ற காலயும் தனித்தனிக் குறியீடா போடலாம். ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும், ஆனா லென் ஃபங்ஷன் போட்டுப் பாத்தா ஒண்ணுக்கு 9 வரும் இன்னொண்ணுக்கு 10 வரும், டிக்ஷனரிக்கு அது ரெண்டும் ரெண்டு ஊரு. கோழிப்போர்விளைக்கு அதே சிக்கல் ரெண்டு இடத்துல. ஒரு ஃபைல் ஒருத்தன் டைப் பண்ணுனது, இன்னொண்ணு எங்கயோ இருந்து காப்பி எடுத்ததுன்னா இது வர்றதுக்கு வாய்ப்பு நிறைய, மொத்தத்துல கொட்டாரத்துல பாதி மழைதான் பெய்ததுன்னு காட்டும், நீயும் ஃபார்முலாவ நோண்டிக்கிட்டு இருப்ப. யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதுல என்எஃப்சி-ன்னு குடுத்து பேர உள்ள எடுக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துடு, கூடவே முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸ ஸ்ட்ரிப் பண்ணிடு. வேரியபிள் பேருக்கு பைத்தான் தானாவே இதச் செய்யும், மேற்கோளுக்குள்ள உள்ளதுக்குச் செய்யாது.

அதே மாதிரி தேதிய "2024-06-03" ன்னு வருஷம் முன்னால வர்ற மாதிரி வை, சார்ட் பண்ணுனா ஒழுங்கா வரும். நாள முன்னால வச்சா எல்லா மாசத்து 1-ஆம் தேதியும் ஒண்ணா வந்து நிக்கும். மேல நான் வெறும் 3 போட்டது உதாரணத்துக்குத்தான்.

டிக்ஷனரிக்குள்ள டிக்ஷனரி, அதாவது மழை["பாலமோர்"][3] ன்னும் வைக்கலாம். ஒரு இடத்தோட முழுக் கணக்கையும் அடிக்கடி எடுப்பன்னா கொள்ளாம். ஆனா பாலமோருக்கு உள் டிக்ஷனரி இல்லன்னா முதல் தடவ மதிப்பு போடும்போதே எரர் அடிச்சு விழும், அதுக்கு டிஃபால்ட்டிக்ட் போடுவ, அது சும்மா எட்டிப் பாத்தாலே புது வரிசைய உண்டாக்கி வைக்கும், தப்பா டைப் பண்ணுன ஊருக்கெல்லாம் காலி வரிசை முளைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போறதா இருந்தா இதையும் தெரிஞ்சுக்கோ, அங்க மேப்ல அரேய கீயா குடுத்தா உள்ளடக்கத்தப் பாக்காது, அதே பொருளான்னுதான் பாக்கும், புதுசா ஒரு ஜோடி எழுதிக் கேட்டா இல்லன்னு சொல்லிடும். அங்க ரெண்டயும் ஒட்டி ஒரு ஸ்டிரிங்கா ஆக்கிக்கிடணும், நடுவுல பிரிக்கதுக்கு ஒரு குறி கண்டிப்பா வேணும், இல்லன்னா 1-உம் 11-உம் சேந்தாலும் 111, 11-உம் 1-உம் சேந்தாலும் 111.

இந்த ஒட்டுற வேலையத்தான் ஆக் தானாவே செய்யுது. 1977-ல பெல் லேப்ஸ்ல ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூணு பேரும் சேந்து எழுதுனது, அவங்க பேரோட முதல் எழுத்துதான் அந்தப் பேரே. அதுல அரேன்னாலே டிக்ஷனரிதான். அரே பேருக்கு அடுத்து [$1, $2] += $3 ன்னு போட்டா ரெண்டு கீயயும் நடுவுல சப்செப்-ங்கற குறி வச்சு ஒரே ஸ்டிரிங்கா ஒட்டிடும், அந்தக் குறி ஆக்டல் (எட்டடிமான) முறையில 034, சாதாரண எழுத்துல வரவே வராதுன்னு பாத்து எடுத்தது. பெர்லும் ஹேஷுக்குள்ள கமா போட்டு எழுதுனா அதே 034-அத்தான் வைக்கும், ஆக்ல இருந்து எடுத்துக்கிட்டது. திரும்பப் பிரிக்க ஸ்ப்ளிட்டுக்கு சப்செப்பக் குடு. ஜிஆக் (ஜிஎன்யு வெளியிட்ட ஆக்) 4.0-ல இருந்து, அது 2011, [$1][$2] ன்னு நெசமாவே அரேக்குள்ள அரே வைக்கலாம், ஆனா மத்த ஆக்ல அது ஓடாது, ஒரே அரேயில ரெண்டு விதமும் கலந்தாலும் தனித்தனியாத்தான் நிக்கும். கட்டம் இருக்கான்னு பாக்க நேரா தொட்டுப் பாக்காத, தொட்டாலே உண்டாகிடும், இன்-ங்கற சொல்ல வச்சுக் கேளு. ஃபார் போட்டா எந்த வரிசையில வரும்னு உறுதி கிடையாது, வெளிய சார்ட்டுக்கு அனுப்பு. உன் ஆக் ஸ்கிரிப்ட் மாசக் கூட்டல் மட்டும் போடுதுன்னா அது நல்லாவே இருக்கு, கை வைக்காத.

பாஷ் ஸ்கிரிப்ட? சவத்தத் தூக்கிப் போடு. ஸ்டிரிங் கீ உள்ள அரே பாஷ் 4.0-லதான் வந்தது, 2009-ல, மேக்ல கூட வர்றது இன்னும் 3.2. ஒட்டுன கீயில கமாவுக்குப் பின்னால தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்தா அது வேற கட்டம். அதையெல்லாம்கூட சகிச்சுக்கிடலாம், ஆனா பாஷுக்கு புள்ளி வச்ச எண்ணே தெரியாது, 12.4 மில்லிமீட்டர கூட்டச் சொன்னா எரர் அடிக்கும். எல்லாத்தையும் பத்தால பெருக்கி வச்சு கடைசியில வகுத்து, என்னத்துக்கு அந்தப் பாடு.

ஒரே நீள லிஸ்ட் வழிய விட்டுட்டேன்ல. வரிசைக்கு 31 கட்டம்னா இடம் வரிசை * 31 + நாள், திரும்ப எடுக்க 31-ஆல வகுத்தா ஈவு வரிசை, மீதி நாள், பைத்தான்ல டிவ்மாட் ரெண்டயும் ஒண்ணா தரும். லுவால 1-ல இருந்து எண்ணுதது வழக்கம், அங்க வரிசையில ஒண்ணக் கழிச்சுட்டுப் பெருக்கணும். இதுல அழகு என்னன்னா நெடுவரிசை எடுக்கதுதான், பட்டியல்[2::31] ன்னு போட்டா எல்லா இடத்தோட 3-ஆம் தேதிக் கணக்கும் ஒரே வீச்சுல வந்துடும். அசிங்கம் என்னன்னா, நாள் தவறிப்போய் 31 ஆச்சுன்னா அடுத்த வரிசையோட முதல் நாள எடுத்துக் குடுக்கும், மூச்சு விடாது. படம், விளையாட்டுப் பலகை மாதிரி அளவு மாறாத விஷயத்துக்கு வச்சுக்கோ, மழைக்கு வேண்டாம்.

நம்பை (எண் கணக்குக்குன்னு உள்ள பைத்தான் லைப்ரரி) போடவான்னு அடுத்து கேப்ப. நம்பைல உள்ளது நெசமான ரெண்டு பரிமாண அரேதான், எண்ணெல்லாம் மெமரியில ஒட்டி ஒட்டி இருக்கும், ஒரு தசம எண்ணுக்கு 8 பைட். சாதாரண லிஸ்ட்ல ரெஃபரன்ஸுக்கு 8, எண் பொருளுக்கு 24. ஆனா இருபது இடம், 365 நாள்னு வச்சுக்கிட்டாலும் 7,300 கட்டம், எந்த வழியில வச்சாலும் போன்லயே ஓடும். முப்பது வருஷக் கணக்கு எடுத்து இடத்துக்கு இடம் ஒப்பிட்டுப் பாக்கணும்னா அப்போ போடு, அங்க ஸ்லைஸ் எடுத்தா காப்பி இல்ல, அசலுக்கே ஒரு ஜன்னல்தான், மாத்துனா அசலும் மாறும், லிஸ்ட்ல பழகுனவன் இங்கதான் தடுக்கி விழுவான். காலிக் கட்டத்துக்கு நேன் (NaN, எண் இல்லங்கற அடையாளம்) போடுவ, ஒரே ஒரு நேன் இருந்தாலும் சம் முழுக்க நேன் ஆகிடும், நேன்சம்னு தனியா உண்டு.

அப்போ செய்ய வேண்டியது, சிஎஸ்வி ஃபைல வரி வரியா படி, பேர நார்மலைஸ் பண்ணு, ஜோடிக் கீயில ஏத்து, கூட்டல் சராசரியெல்லாம் அதுலயே எடு. டேபிளா வெளிய குடுக்கும்போது மட்டும் இடங்கள சார்ட் பண்ணி, தேதிகள சார்ட் பண்ணி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புது லிஸ்ட் கட்டி, கெட் போட்டு நிரப்பு, நன் வந்தா காலியா விடு, 0 வந்தா 0-ன்னே எழுது. எக்செல்ல திறந்தா தமிழ் கொழம்பிப்போய்த் தெரியும், எழுதும்போது என்கோடிங்ல யூடிஎஃப்-8-சிக்-னு குடுத்தா ஊர்ப் பேரெல்லாம் ஒழுங்கா வரும். இதே ஃபைல உன் ஸ்கிரிப்ட்லயே திரும்பப் படிக்கதா இருந்தா படிக்கும்போதும் அதே என்கோடிங்கக் குடு, இல்லன்னா முதல் தலைப்புக்கு முன்னால கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கிட்டு அந்தக் கீ மட்டும் கிடைக்காது.